வேண்டாதவை என்றொரு கட்டம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம், கணினிக்கு எழுதிக் கொடுத்துப் படம் வாங்குகிறேன் என்பேன். குவீன்ஸ்டவுனில் ஒரு சின்ன விளம்பர நிறுவனம். நகைக்கடை, சேலைக்கடை, கல்யாணச் சமையல்காரர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். முன்பெல்லாம் மாடல் பெண்ணைப் பிடித்து, ஸ்டூடியோ எடுத்து, மேக்கப் போட்டு மூன்று நாள் இழுத்த வேலையை இப்போது நான் ஒருத்தி மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுகிறேன். அப்படி எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் பிராம்ப்ட். அதை எழுதத் தெரிந்தவள் என்று ஆபீசில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரால் வந்த திமிரும் உண்டு.

நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் இரண்டு கட்டங்கள் இருக்கும். மேல் கட்டத்தில் என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். கீழ்க் கட்டத்தில் என்ன வேண்டாம் என்று எழுத வேண்டும். ஆபீசில் அதற்கு 'வேண்டாதவை' என்றே பெயர் வைத்திருந்தோம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுப்பேன். 'தமிழ்ப் பெண், பட்டுச்சேலை' என்று மட்டும் எழுதினால், அந்த இயந்திரம் தான் அதிகம் பார்த்ததைத் தூக்கிக் கொடுத்துவிடும். மூக்கிலிருந்து காதுவரை ஒரு சங்கிலி, வடக்கத்தி நெற்றிச்சுட்டி, பின்னால் ஓர் அரண்மனை. பிடோக் வீட்டில் தீபாவளி கொண்டாடுகிறவளுக்கு அரண்மனை எதற்கு? ஆகவே கீழே எழுது: சங்கிலி வேண்டாம், சுட்டி வேண்டாம், அரண்மனை வேண்டாம், இயந்திரம் தப்பாக ஒட்டிவிடும் ஆறாவது விரல் வேண்டாம். "மேல உள்ளதை யாரும் எழுதலாம் லா. வேண்டாதவையில எழுதத் தெரிஞ்சாத்தான் சம்பளம்," என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இப்போது அந்த வகுப்பை எடுப்பதில்லை. ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு நிறுத்திவிட்டேன்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பஸ் ஓட்டுநராக இருந்த அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு அறுபத்தாறு வயது, சர்க்கரை வியாதி, காலையில் இன்சுலின் ஊசி. ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ஏற்கெனவே ஒரு முறை சமையலறையில் அப்படி ஆகி, என் கண் எதிரிலேயே பேச்சுக் குழறிச் சரிந்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார் என்று அன்று டாக்டர் சொன்னார். அதிலிருந்து தினமும் ஒரு மணிக்கு எனக்குப் போன் செய்து, "சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா?" என்று கேட்பது வழக்கமானது.

சனிக்கிழமைகளில் எனக்கு வேலை உண்டு. நான் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவேன். அம்மா அதற்குப் பிறகு லிட்டில் இந்தியாவுக்கு ரயிலேறி, பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிடுவாள். அவள் போவதையும் நான் பார்த்ததில்லை, வருவதையும் பார்த்ததில்லை. மாலையில் நான் வரும்போது வெளிறிய நைட்டியில் டிவி முன்னால் இருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணிக்குப் போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றரைக்கு டாக்சி பிடித்தேன். வீட்டுக்குள் போனால் போன் சார்ஜரில் கிடக்கிறது, அடையாள அட்டை டிராயரில் கிடக்கிறது, அம்மா இல்லை. பக்கத்து வீட்டு மலாய் அம்மா கதவைத் திறந்தார். காலையில் லிஃப்ட்டில் பார்த்தாராம். இன்று உன் அம்மா மிக அழகாக இருந்தார் என்றார். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் இப்படிச் சொல்லிக்கொள்வது வழக்கம்தானே என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை.

போலீசுக்குப் போன் போட்டேன். என் வழக்கைப் பார்த்த அதிகாரி தமிழர்.

"என்ன டிரெஸ் மேடம்?"

"புடவை."

"என்ன கலர்?"

"தெரியல சார். லைட் கலர்தான் கட்டுவாங்க."

"ரீசன்ட்டா எடுத்த போட்டோ இருக்கா?"

இல்லை. அப்பா போனதிலிருந்து அம்மா படத்துக்கு நிற்பதில்லை. கேமராவைத் தூக்கினால் உள்ளே போய்விடுவாள். என் போனில் இருந்த கடைசிப் படம் ஐந்து வருடம் பழையது, ஒரு வளைகாப்பில் எடுத்தது. அரக்கு பார்டர் வைத்த கிளிப்பச்சைப் பட்டு, தலை நிறைய மல்லி, மூக்குத்தி, கண்ணாடி வளையல், நெற்றியில், டாலர் நாணயம் அளவு என்று நாங்கள் வீட்டில் கேலி செய்யும் பெரிய சிவப்புப் பொட்டு. வாயெல்லாம் சிரிப்பு.

இதை வைத்துக்கொண்டு யார் தேடுவார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. இன்றைய அம்மாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எனக்குத்தான் தொழில் தெரியுமே. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து அந்தப் படத்தை ஏற்றினேன். மேல் கட்டத்தில் எழுதினேன்: அதே முகம், அறுபத்தாறு வயது, நரைத்த முடி, கண்ணுக்குக் கீழே சோர்வு, சந்தன நிறப் பருத்திச்சேலை, பகல் வெளிச்சம். கீழ்க் கட்டத்துக்கு வந்தேன். அங்கே என் விரல் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. பொட்டு வேண்டாம். பூ வேண்டாம். மூக்குத்தி வேண்டாம். வளையல் வேண்டாம். ஜரிகை வேண்டாம். பளிச்சென்ற நிறம் வேண்டாம். சிரிப்பு வேண்டாம்.

அரை நிமிடத்தில் படம் வந்தது. இவ்வளவு நன்றாக எனக்கு ஒரு படம் முதல் தடவையிலேயே வந்ததில்லை. அடக்கமான, அமைதியான ஒரு விதவை. வேறு நேரமாக இருந்திருந்தால் ஆபீசில் காட்டிப் பெருமைப்பட்டிருப்பேன். போலீசுக்கு அதை அனுப்பினேன். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குரூப், கோயில் குரூப், எங்கள் வாடிக்கையாளர் கடைக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். 'இந்த அம்மாவைக் கண்டால் தகவல் தரவும்.' பத்து நிமிடத்தில் அது எனக்கே மூன்று இடத்திலிருந்து திரும்பி வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவின் பதினாறாம் நாளன்று, அம்மாவின் பொட்டை அழிக்க வந்த அத்தைமார்களோடு நான் சண்டை போட்டவள். "யாராச்சும் எங்கம்மா நெத்தியில கை வெச்சீங்க, நடக்கிறதே வேற," என்று நடுக்கூடத்தில் கத்தினேன். அத்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அதை ஃபேஸ்புக்கில் எழுதி நிறைய பாராட்டு வாங்கினேன். ஆனால் மூன்றே மாதத்தில் அம்மாவே பொட்டை விட்டுவிட்டாள், பூவையும் விட்டுவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரவர் விருப்பம், நாம் யார் சொல்ல என்று தோழிகளிடம் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு அந்த அதிகாரி கூப்பிட்டார்.

"மேடம், ஹாஸ்பிட்டல்ல ஒரு அம்மா இருக்காங்க. மத்தியானம் லிட்டில் இந்தியாவுல மயங்கி விழுந்திருக்காங்க. பேரு கேட்டா சொல்ல முடியல. உங்க போட்டோவ நர்ஸ்கிட்ட காட்டினோம், இவங்க இல்லன்னுதான் சொல்றாங்க. இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"எப்படி இருக்காங்க சார்? என்ன கட்டியிருக்காங்க?"

"பச்சைப் பட்டுப்புடவை. தலையில நெறைய பூ. பெரிய சிவப்புப் பொட்டு. கையில கண்ணாடி வளையல்."

மூச்சு வந்தது. உண்மையில் ஆறுதலாக இருந்தது. "இல்ல சார். அது எங்கம்மா இல்ல."

"கன்ஃபர்மா?"

"கன்ஃபர்ம். எங்கப்பா தவறி நாலு வருஷம் ஆச்சு. எங்கம்மா இதெல்லாம் வைக்க மாட்டாங்க."

"அப்ப சரி. இந்தம்மாவோட வீட்டுக்காரர் கப்பல்ல வேலை செய்றாராம், ஆம்புலன்ஸ் கூப்பிட்டவர் சொல்லியிருக்கார். இது வேற ஆளுதான். நாங்க தொடர்ந்து தேடுறோம்."

போனை வைத்தேன். லேப்டாப்பில் அந்த வளைகாப்புப் படம் இன்னும் திறந்தே இருந்தது. கிளிப்பச்சைப் பட்டு, மல்லி, பொட்டு, வளையல். அதிகாரி சொன்ன வரிசை அப்படியே கண் முன்னால் இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதுகூட இல்லை. நான் வெண்ணெயைப் பார்த்துக்கொண்டே இது வெண்ணெய் இல்லை என்று எழுதிக் கொடுத்தவள். அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம் யாரோ ஒருத்தி பாவம், அவள் வீட்டில் தேட ஆள் இல்லையா என்பதுதான்.

வீட்டில் உட்கார முடியவில்லை. லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சனிக்கிழமை மாலைக் கூட்டம். கோயில் வாசலில், ஃபேரர் பார்க் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில், தேக்கா மார்க்கெட்டின் காய்கறிக் கடைகளில் போனை நீட்டி நீட்டிக் காட்டினேன். எல்லாரும் உதடு பிதுக்கினார்கள். நாலு வருடமாக வாராவாரம் வரும் ஒருத்தியை இந்தத் தெருவில் ஒருவருக்குமா தெரியாது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு காய்கறிக்காரரிடம், "நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்று கத்தியும்விட்டேன். அவர் பாவம், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

பஃபலோ ரோட்டில் ஒரு பூக்கடை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மல்லியைத் தொடுத்துக்கொண்டே என் போனைப் பார்த்தார்.

"இந்தப் படம் எனக்கும் வந்துச்சும்மா, ரெண்டு குரூப்புல. இவங்களை நான் பாத்ததே இல்ல. இவங்க பூ வாங்குறவங்க மாதிரியும் தெரியலயே."

"கடைப் பக்கம் நடந்து போயிருக்கலாம்ணே. நல்லா யோசிச்சுப் பாருங்க."

"நான் இன்னைக்கு வேற டென்ஷன்ல இருக்கேன்மா. நம்ம ரெகுலர் கஸ்டமர் ஒருத்தங்க இங்கயே மயங்கி விழுந்துட்டாங்க. நாந்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். என்ன ஆச்சுன்னே தெரியல."

நான் அடுத்த கடைக்குப் போகத் திரும்பினேன். விரல் பட்டுத் திரை நகர்ந்து, அடுத்த படத்துக்குப் போய்விட்டது. வளைகாப்புப் படம்.

பூக்காரர் தொடுப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, இவங்கதான்! இந்தப் பச்சைப் புடவை அம்மாதான் லா விழுந்தது! இவங்க படம் உங்ககிட்ட எப்படி?"

அவர் பேசிக்கொண்டே போனார். வாராவாரம் வருவார்களாம். இரண்டு முழம் மல்லி. கடையில் மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்து இங்கேயே வைத்துக்கொள்வார்களாம். பூ விலை கூடினாலும் கனகாம்பரம் சேர்த்துக் கேட்பார்களாம்.

"வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார், வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார்னு சொல்வாங்க. அவரு ஒங்க அப்பாவா? அவருக்குத் தகவல் சொல்லிட்டீங்களா?"

எங்கள் அப்பா கப்பலில் கால் வைத்ததே இல்லை. இரண்டு முழம் பூவைத் தலையில் வைப்பதற்காக, எங்கள் அம்மா செத்துப்போன அப்பாவை நாலு வருடமாக உயிரோடு கப்பலில் வைத்திருந்தாள். யாரும் எதுவும் கேட்டுவிடக்கூடாதே என்று.

அவர் கடைக்கு முன்னாலேயே நின்று அதிகாரிக்குப் போன் செய்தேன். "சார், அது எங்கம்மாதான்," என்றேன். "மேடம், நீங்க கன்ஃபர்ம்னு சொன்னீங்களே," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

டாக்சியில் போகும்போது என் கணக்கெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான். மூன்றரைக்கே ஆமாம் என்றிருந்தால் இந்நேரம் பக்கத்தில் இருந்திருப்பேன். இப்போது போகும்போது இருப்பாளா? அப்பா சாகக் கிடந்தபோதுகூட நான் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. பெருமாளே பெருமாளே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

இருந்தாள். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்ததாம், விழுந்ததில் பின்மண்டையில் அடியாம், ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றும் இல்லையாம், நினைவு இப்போதுதான் தெளிகிறதாம். நர்ஸ் சொல்லிக்கொண்டே திரையை விலக்கினார். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் பெயர் தெரியாத பெண் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. பக்கத்து மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் வாடிப்போன இரண்டு முழம் மல்லி, கொஞ்சம் கனகாம்பரம், உடையாமல் தப்பிய நான்கு கண்ணாடி வளையல். நெற்றியில் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. பெரிய, சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. எவ்வளவு நன்றாக இருந்தது அந்த முகத்துக்கு என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

"அம்மா," என்றேன்.

கண்ணைத் திறந்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள். டிரிப்ஸ் ஊசி குத்தியிருந்த கை மெல்ல மேலே வந்தது. என் முகத்தைத் தொடத்தான் வருகிறது என்று நான் குனிந்தேன். அந்தக் கை என்னிடம் வரவில்லை. தன் நெற்றிக்குப் போனது. நகத்தைக் கொடுத்துப் பொட்டின் ஓரத்தைச் சுரண்டினாள். உரித்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் திணறிவிட்டு, கட்டில் கம்பியின் வெளிப்பக்கத்தில் ஒட்டினாள். இவ்வளவையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தாள்.

"கோயில்ல ஒரு பொண்ணு வெச்சு விட்டுடுச்சும்மா," என்றாள். நாக்கு இன்னும் குழறியது. "வேணாம்னுதான் சொன்னேன்."

அந்த உரிக்கும் கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கே என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அப்பா இறந்து மூன்றாம் மாதம், சொந்தத்தில் ஒரு கல்யாணம். அம்மா அரக்குப் பட்டு உடுத்தி, பொட்டு வைத்து என்னோடு லிஃப்ட்டில் ஏறினாள். ஏழாவது மாடியிலிருந்து இறங்கும்போது நான்தான் சொன்னேன்: "அம்மா, இன்னைக்கு இந்தப் பொட்டு வேணாமே. அத்தைங்க எல்லாம் வருவாங்க. ஒன்ன ஏதாச்சும் சொல்லிட்டா எனக்குத் தாங்காது." அவளுக்கு வலிக்கக்கூடாதே என்றுதான் சொன்னேன், சத்தியமாக. அம்மா அதை நகத்தால் உரித்து லிஃப்ட் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினாள். நான் அதே கண்ணாடியில் என் பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். தரைத்தளம் வந்துவிட்டது. பதினாறு நாளில் அத்தைகளால் முடியாததை நான் ஏழு மாடிக்குள் முடித்திருக்கிறேன். முடித்துவிட்டு மறந்தும் போயிருக்கிறேன்.

"அம்மா, நான் ஒன்னும் சொல்லலம்மா," என்றேன்.

அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அன்றைய ஒரு மணிப் போன் ஆறு மணிக்கு வந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

என் போன் மெத்தையில் கிடந்தது. யார் யாரோ இன்னும் அந்தப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திரை எரிந்தபோது நான் கவிழ்த்து வைப்பதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்தச் சந்தன நிறச் சேலைக்காரியை உற்றுப் பார்த்தாள்.

"யாரும்மா இது?" என்றாள். "பாவம், ஒன்னுமே இல்லாத மொகமா இருக்கே. இவங்களுக்கு யாரும் இல்லையா?"

"தெரியலம்மா," என்றேன்.